ஆறாம் அதிகாரம்: நிலைகொள்ளாத எரிகலவை

அக்கராயன்குளத்து நீர் வயல்களை நனைத்துச் செல்லும்; மேட்டுக்காணிகளில் நிற்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் கிணற்று நீரே கதி. சோழகக் காற்று எழுந்து கிரவல் தெருக்களின் செம்புழுதியை வேலிகளின்மேல் வாரி இறைக்கும் மாதங்களில், ஓர் இறைப்புத் தவறினாலும் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும் என்ற நிலையில், கிணற்றடியில் இருக்கும் சிறிய மண்ணெண்ணெய் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடாமல், ஒரு கணம் அலறியும் மறுகணம் அடங்கியும், கரும்புகை கக்கியும், சில சமயம் காரணம் எதுவுமின்றி நின்றும் போகுமாயின், ஸ்கந்தபுரத்துக் கமக்காரர் முதலில் செய்வது காபுரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைத் தேடித் திருப்புவதுதான். "தம்பி, மிசின் ஏறி இறங்குது, அந்த ஸ்குரூவை ஒருக்காப் பூட்டிவிடு" என்று தகப்பன் சொல்ல, மகன் அரைச்சுற்றுப் பூட்டுவான். இயந்திரம் சற்று நேரம் இணங்கி ஓடும். பின்னர் முன்னிலும் மோசமாகும். மறுநாள் தமையன் வந்து முக்காற்சுற்றுத் தளர்த்துவான். அதற்குப் பிறகு, பழைய கோளாறு எது, திருகாணியால் விளைந்த புதிய கோளாறு எது என்று எவராலும் பிரித்தறிய முடியாத சங்கடம் உண்டாகிவிடும்.

ஆதலால் இந்த அதிகாரத்தின் சாரத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது நன்று. திருகாணி தானாகத் திரும்புவதில்லை. அதன் கழுத்திலுள்ள சுருள்வில் அதை இட்ட இடத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் இன்று சற்று நேரம் நன்றாகவும் சற்று நேரம் கெட்டும் ஓடுமாயின், திருகாணி வைத்த அளவில் இருக்க, வேறு ஏதோ ஒன்று இடையிடையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதே நியாயமான அனுமானம். கலவை எந்நேரமும் ஒரே வகையில் பிழையாக இருந்தால் அளவைச் சந்தேகிக்கலாம். நேரத்துக்கு நேரம் மாறுமாயின் அடைப்பு, கசிவு, உஷ்ணம், சுமை ஆகிய நான்கையும் ஆராய்ந்து முடித்த பின்னரே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

எரிகலவை என்று நாம் சொல்வது, காபுரேற்றரின் ஒடுங்கிய தொண்டை வழியாகப் பாயும் காற்று, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தூவி, சிலிண்டருக்குள் எடுத்துச் செல்லும் அந்தக் கூட்டையே. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வேண்டியதும் அதற்கு மிக அண்மித்த அளவே. எண்ணெய் இந்தப் பிரமாணத்துக்கு மேற்பட்டால் கலவை செறிவாகிறது. காற்று மேற்பட்டால் மெலிகிறது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பிள்ளைகள் சிலர், வானொலி அலையால் ஆட்டுவிக்கும் விளையாட்டுக் கார் ஒன்றை வைத்திருப்பதைக் காணலாம். அதனுள்ளிருக்கும் சின்னஞ்சிறு எஞ்சினுக்கு மெதனோலும் நைற்றோமெதேனும் மசகெண்ணெயும் சேர்ந்த எரிபொருள் ஊற்றப்படுகிறது. மெதனோலுக்கு 6.4 பங்கு காற்றும் நைற்றோமெதேனுக்கு 1.7 பங்கு காற்றுமே போதுமாகையால், அந்தச் சிறிய எஞ்சின் தன் உருவத்துக்குப் பொருந்தாத வேகத்தில் எரிபொருளைக் குடிக்கிறது. சைலன்சரிலிருந்து ஒரு மெல்லிய ரியூப் தாங்கிக்குச் சென்று, புகையின் அழுத்தத்தால் எரிபொருளை முன்னே தள்ளுகிறது. அந்த ரியூப்பில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறித் தடுமாறும். அப்பொழுது அதன் சொந்தக்காரச் சிறுவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள்: அவனும் கலவையைக் கட்டுப்படுத்தும் ஊசியைத்தான் திருப்புகிறான். கிணற்றடி இயந்திரத்துக்கும் அந்த விளையாட்டுப் பொருளுக்கும் இவ்விஷயத்தில் நியாயம் ஒன்றே.

மண்ணெண்ணெயின் சுபாவம்

நமது இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு சுபாவம் உண்டு. அதை அறியாமல் பரிகாரம் தேடுவது வீண். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும் இயல்புடையது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. அதனாலேயே மண்ணெண்ணெய் இயந்திரத்தில் பெற்றோலுக்கென ஒரு சிறு அறையும், இரண்டில் ஒன்றைத் திறக்கும் குழாய்த் திறப்பும் வைத்திருக்கிறார்கள். பெற்றோலில் தொடக்கி, சிலிண்டர் நன்கு சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெயை எரித்து முடித்து நிறுத்துவதே சரியான பிரயோகம். பெற்றோலை மிச்சம் பிடிக்க நினைத்து, சூடேறுமுன் மாற்றுபவரும் மண்ணெண்ணெயிலேயே நிறுத்துபவரும் நம்மிடையே அனேகர். அவர்களுடைய இயந்திரம் காலையில் வெண்புகை விட்டு விம்முவதற்குக் காபுரேற்றர் எவ்வகையிலும் பொறுப்பன்று.

இந்தப் பழக்கங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில், பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகிக்கொண்ட மக்கள், சில துளி பெற்றோலைக் காபுரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை உசுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையைக் கைவரப் பெற்றார்கள். ஆசுபத்திரியில் கழிக்கப்பட்ட சேலைன் போத்தலும் அதன் ரியூப்புமே பெற்றோல் தாங்கியாகப் பயன்பட்ட காலம் அது. 1996 இல் கிளிநொச்சி நகரத்து மக்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தையும் அக்கராயனையும் நிறைத்தபோது, அவர்களோடு அந்தக் கைவேலையும் இங்கே வந்து சேர்ந்தது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் தடை தளரும்வரை அந்தச் சாமர்த்தியம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், துளி பெற்றோலையும் பொன்னெனக் காத்த அக்காலத்துச் சிக்கனமும், மண்ணெண்ணெய் தாராளமாகப் பாயட்டும் என்று ஜெற்றின் துவாரத்தைக் கம்பியால் பெருப்பித்த வழக்கமும், மீள்குடியேற்றத்தின் பின் வந்த புதிய இயந்திரங்களின் மேலும் கேள்வியின்றிப் பிரயோகிக்கப்படுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெருத்த ஜெற் எந்நேரமும் செறிவான கலவையையே தரும். மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடியிலுள்ள எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துவிடும். ஒயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கக் கண்டால், அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமன்று. உடனே ஒயிலை மாற்றுக.

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டதன் பின், செறிவான கலவை என்பது வெறும் புகை விவகாரமாக இல்லாமற் போயிற்று என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எப்பொழுது என்று கேளுங்கள்

நல்ல வைத்தியர் நோயாளியிடம் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்த வேளையில் வருகிறது என்று கேட்பார். இயந்திரத்திடமும் அதுவே முதற் கேள்வி. தொடக்கியவுடன் தடுமாறுகிறதா, சூடேறிய பின்னா? தாங்கி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, அடிமட்டத்தை அணுகும்போது குழம்புகிறதா? கால் மணித்தியாலம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறதா? நீர் ஏறாதபோது சரியாக இருந்து, நீர் ஏறத் தொடங்கியதும் சோர்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இவற்றைக் கவனிக்க வேண்டுமானால், தொடக்கிவிட்டு வாய்க்காலுக்கு ஓடிவிடாமல் இயந்திரத்தின் அருகே சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இறைப்பு நாளில் அது கடினம் என்பதை அறிவேன். எனினும் வேறு வழியில்லை.

வேகம் சீரான இடைவெளியில் ஏறி இறங்குமாயின், அதாவது அலறல், அடங்கல், மீண்டும் அலறல் என்று தாளம் தவறாமல் நிகழுமாயின், அது பெரும்பாலும் மெலிந்த கலவையின் லக்ஷணம். கலவை மெலிந்து வேகம் தளரும்போது கவர்னர் திரொட்டிலைத் திறக்கிறது. வேகம் அளவுக்கு மேல் ஏறியதும் அதை மூடுகிறது. மூடியதும் மீண்டும் தளர்ச்சி. கவர்னர் தன் கடமையைச் செய்கிறதேயன்றி, அதன்மேல் குற்றமில்லை. அதன் வில்லை வளைத்து இழுத்துக் கட்டுவது பாவம். இதைப் பரீட்சிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. இயந்திரம் அவ்வாறு ஏறி இறங்கும்போது சோக்கை மெதுவாகப் பாதிவரை மூடுக. ஓட்டம் சீர்பட்டால், எண்ணெய் குறைவாக வருகிறது, அல்லது எங்கோ அதிகப்படியான காற்று நுழைகிறது என்பது நிச்சயம். ஓட்டம் மேலும் கெட்டுக் கரும்புகை எழுந்தால் கலவை முன்னரே செறிவாக இருந்தது என்று கொள்க. இந்த ஒரே பரீட்சை, திருகாணியோடு போராடும் ஒரு முழுநாளை மிச்சப்படுத்தும்.

எண்ணெய் வரும் வழி

எண்ணெய் குறைவாக வருகிறதென்று தெரிந்தால், தாங்கியின் மூடியிலிருந்து தொடங்குக. மூடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துவாரம் இருக்கிறது. எண்ணெய் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாகவே உள்ளே வரவேண்டும். சோழகத்துப் புழுதியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இறங்க மறுக்கும். கால் மணித்தியாலம் நன்றாக ஓடி, பின் மெல்ல மெல்லச் சோர்ந்து நின்று, சிறிது பொறுத்தால் மீண்டும் ஓடும் இயந்திரத்தின் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், நோய் அகப்பட்டுவிட்டது. மூடியைத் தளர்த்தி வைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மூடிக்குப் பதிலாகத் தாங்கியின் வாயில் பொலித்தீன் தாளைக் கட்டி றப்பர் வளையம் இட்டிருக்கும் இயந்திரங்களும் நமது ஊரில் உண்டு. அவற்றின் சொந்தக்காரர் காபுரேற்றரைக் கழற்றிக் கழுவிக் களைத்துப் போவதைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

அடுத்தது நீர். நீர் மண்ணெண்ணெயைவிடப் பாரமானது. ஆகையால் பரலின் அடியிலும் கானின் அடியிலும் தாங்கியின் அடியிலும் சென்று தங்கும். மாரியில் பாதி வெறுமையாகக் கிடந்த தாங்கியின் உட்சுவரில் ஈரம் படிந்து துளிகளாகி இறங்குவதும் உண்டு. அத்துளிகள் ஜெற்றின் வாயை அடையும்போது இயந்திரம் ஓர் இருமல் இருமும். துளி கடந்ததும் தெளியும். தாங்கி அடிமட்டத்தை அணுகும்போது மட்டும் குழப்பம் மிகுமாயின் நீரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். காபுரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, வடியும் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்தி அசையாமல் வைத்துப் பார்த்தால், அடியில் உருண்டு திரியும் முத்துகளாக நீர் புலப்படும். அதே சமயத்தில் எண்ணெய் தொடர்ச்சியாக ஒழுகுகிறதா, சிறிது ஒழுகிவிட்டுச் சொட்டுகிறதா என்பதையும் கவனித்துக்கொள்க. சொட்டினால் திறப்பின் அடியிலுள்ள வண்டல் கிண்ணத்தையும் வலைத்தட்டையும் கழுவுக. ரியூப் எங்கேனும் மடிந்திருக்கிறதா, சூட்டில் இளகி உட்சுவர் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க. எண்ணெய் ஊற்றும்போது பழைய வேட்டித்துண்டில் வடிகட்டுவது நல்ல வழக்கம். பரலின் கடைசிப் போத்தலைத் தாங்கிக்குள் ஊற்றாமல் விடுவது அதனினும் நன்று.

காற்று வரும் வழி

காற்றுக்கு உரிய வழி ஒன்று. உரிமையற்ற வழிகள் பல. உரிய வழியாகிய எயார் பில்ரர் புழுதியால் அடைபட்டால் கலவை செறிவாகும். பிளக் கரிபிடித்து வேகம் மந்தமாகும். வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை வாரம் ஒருமுறையேனும் பஞ்சைச் சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி, சில துளி எஞ்சின் ஒயில் இட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். புழுதி அடைக்கிறதென்று பில்ரரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள், ஒரே போகத்தில் சிலிண்டரையும் வளையங்களையும் தேய்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த நூல் எவ்விதத்திலும் உதவாது.

உரிமையற்ற வழிகளே ஏமாற்றுபவை. காபுரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவே, உஷ்ணம் கடவாதபடி தடித்த ஒரு கட்டையும் அதன் இருபுறமும் கஸ்கெற் தாள்களும் வைக்கப்பட்டிருக்கும். அதிர்ச்சியால் நட்டுகள் தளர்ந்தாலும், தாள் கிழிந்தாலும், அளவுக்கு மிஞ்சி முறுக்கியதால் காபுரேற்றரின் முகம் வளைந்தாலும், அங்கே மயிரிழை இடைவெளி உண்டாகி, கலவைக்குள் கள்ளக் காற்று நுழையும். குளிர்ந்திருக்கும்போது இடைவெளி மூடியும், சூடேறியபின் உலோகம் விரிந்து திறந்தும் போவதால், தொடக்கத்தில் செம்மையாக ஓடி அரை மணித்தியாலத்தின் பின் ஏறி இறங்கத் தொடங்குவது இக்கசிவின் தனி அடையாளம். இதைக் கண்டுபிடிக்கச் சிலர் பெற்றோலைப் பீச்சுவார்கள்; சைலன்சர் கனன்றுகொண்டிருக்கும் இடத்தில் அது நெருப்போடு விளையாடுவதாகும். இயந்திரம் மெதுவேகத்தில் ஓடும்போது ஒயில் கானால் அந்த மூட்டைச் சுற்றி எஞ்சின் ஒயிலைத் துளித்துளியாக விடுக. எந்தத் துளி விழுந்தவுடன் வேகம் மாறுகிறதோ, எந்த இடத்தில் ஒயில் உள்ளே இழுபட்டுச் சைலன்சரில் நீலப்புகை எழுகிறதோ, அங்கே கசிவு இருக்கிறது.

கஸ்கெற் கிடைக்காத காலத்தில் கொப்பி மட்டையை வெட்டிப் போட்டுச் சமாளித்தோம்; இன்றும் அவசரத்துக்கு அது செல்லும். ஆனால் நடுக்கட்டை உடைந்ததென்று அதை நீக்கிவிட்டுத் தகரத்தை வெட்டி வைப்பது விபரீதம். சிலிண்டரின் உஷ்ணம் தடையின்றிக் காபுரேற்றரை அடைந்து, கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்கச் செய்யும்; எண்ணெய்க்குப் பதில் ஆவிக்குமிழிகள் ஜெற்றை அடைந்து, இயந்திரம் காரணமின்றி நின்றதாகத் தோன்றும். வளைந்த முகத்தைச் சீர்ப்படுத்த, தட்டையான கண்ணாடியின்மேல் மெல்லிய அரத்தாளை விரித்து, காபுரேற்றரின் முகத்தை அதில் வட்டமாகத் தேய்க்கலாம். பொறுமை வேண்டும்; அரம் கொண்டு ராவலாகாது.

கிண்ணத்தினுள்ளே

இவ்வளவும் பார்த்த பின்னரே காபுரேற்றரைக் கழற்றுவது நியாயம். கிண்ணத்தினுள் மிதக்கும் மிதவையும், அது தள்ளி மூடும் சிறு ஊசியும் எண்ணெய் மட்டத்தைக் காக்கின்றன. ஊசியின் நுனியில் தேய்ந்து வளையம் விழுந்திருந்தால், அது ஒரு சமயம் மூடும், ஒரு சமயம் மூடாது. மூடாதபோது மட்டம் ஏறி, பில்ரரின் வழியாக எண்ணெய் சொட்டி, கரும்புகை எழும். மூடியதும் எல்லாம் தெளியும். மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்க. உள்ளே எண்ணெய் சலசலத்தால் அது துளைப்பட்டுப் பாதி மூழ்கிக் கிடந்தது என்று பொருள். இயந்திரத்தைச் சரிந்த தரையில் வைத்து ஓட்டினாலும் மிதவை ஒருபக்கம் சாய்ந்து இதே குழப்பத்தை உண்டாக்கும் என்பது பலர் எண்ணிப்பாராத காரியம். கிணற்றுக் கட்டருகே மட்டமான ஒரு கற்பாவை அமைப்பது அதற்குப் பரிகாரம்.

ஜெற்றைப் பற்றி ஒரு சொல். பித்தளை மிருதுவானது, அதன் துவாரம் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் சில பங்குகள் மாறினாலும் கலவை மாறும். ஊசி, கம்பி, முட்கம்பியின் நுனி ஆகியவற்றை அதனுள் விடுவது கூடாது. சிறிது நேரம் பெற்றோலில் ஊறவைத்து, எண்ணெய் பாயும் திசைக்கு எதிர்த்திசையில் சைக்கிள் பம்மால் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் போதும். அடைப்பு பிடிவாதமாக இருந்தால் தங்கூசி நரம்பின் துண்டொன்றை விட்டு எடுக்கலாம். ஒருமுறை கம்பி கண்ட ஜெற்றை நான் நம்புவதில்லை. புதியது வாங்கிப் போடுவதே சிக்கனம்.

கலவையின் வேடமிட்டு வருபவை

எண்ணெயும் காற்றும் ஒழுங்காக இருக்க, வேறு இரண்டு கோளாறுகள் கலவையின் வேடத்தில் வந்து நம்மை அலைக்கழிக்கும். ஒன்று தீப்பொறி. எண்ணெய் குறைந்து நிற்கும் இயந்திரம் மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும். தீப்பொறி அறுந்து நிற்கும் இயந்திரம் சடுதியாக நிற்கும். சூடேறியதும் உள்ளே அறுந்துவிடும் கொயில், ஆறியபின் மீண்டும் வேலை செய்து, அடைபட்ட மூடியைப் போலவே நடிக்கும். நின்றவுடன் பிளக்கைக் கழற்றிப் பொறி பாய்கிறதா என்று பார்ப்பதன்றி இதைப் பிரித்தறிய வழியில்லை. அப்படிப் பார்க்கையில் பிளக்கைச் சிலிண்டர்த் துவாரத்துக்கு எட்டப் பிடிக்க வேண்டும். அத்துவாரத்திலிருந்து எழும் ஆவி பொறி கண்டால் பற்றும். பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். இளங்கபிலம் நலம், உலர்ந்த கரி செறிவு, வெளிறிய வெண்மை மெலிவு. ஆனால் சுமையோடு ஓடும்போதே நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவேகத்தில் நெடுநேரம் ஓடவிட்டபின் பார்த்தால் எந்தப் பிளக்கும் கரிபூசியே தோன்றும்.

மற்றொன்று பம்பு. உறிஞ்சும் ஹோசின் மூட்டில் காற்று இழுபட்டாலும், கிணற்றின் மட்டம் தாழ்ந்து புட்வால்வு சுழியில் காற்றை விழுங்கினாலும், பம்பின் சுமை விட்டுவிட்டுக் குறையும். அப்பொழுது எஞ்சின் அலறி, நீர் மீண்டும் பிடித்ததும் அடங்கும். குழாயின் வாயில் நீர் ஒரே கனத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டே எஞ்சினைக் குறைகூற வேண்டும். வளிமண்டல அழுத்தம் நீரை 10.3 மீற்றர் உயரத்துக்கு மேல் தூக்காது என்பது பௌதிக விதி. உராய்வும் கசிவும் கழித்தால் 7 மீற்றருக்கு மேல் இழுக்கும்படி இத்தகைய பம்பை நம்பக்கூடாது.

மருந்தடிக்கத் தோளில் சுமக்கும் இரண்டடிப்பு எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்கு ஒயிலைப் பெற்றோலிலேயே கலக்க வேண்டும். 25க்கு 1 என்று எழுதியிருந்தால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். நன்மை என்று எண்ணி ஒயிலைக் கூட்டினால், அதே ஜெற் வழியாகப் பாயும் பெற்றோல் அந்த அளவுக்குக் குறைந்து கலவை மெலியும் என்பதை அனேகர் உணர்வதில்லை. திரொட்டிலை விட்டபின்னும் வேகம் அடங்காமல் உயர்ந்தே நிற்குமாயின், சுழல்தண்டின் சீல் தேய்ந்து காற்றை இழுக்கிறது. அதை மாற்றும்வரை ஓட்டலாகாது.

திருகாணியின் முறை

எல்லா வழியும் செம்மையானபின், இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி நன்கு சூடேற்றுக. நமது இறைப்பு இயந்திரங்களிற் பலவற்றில் பிரதான ஜெற் மாற்றமுடியாத அளவுடையது. வெளியே தெரியும் திருகாணி மெதுவேகக் கலவைக்கு மட்டுமே உரியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அதை முதலில் மெதுவாக உட்காரும்வரை பூட்டி, இறுக்காமல், ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினால் தொடக்க நிலை கிடைக்கும். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எஞ்சின் அமைதியடையும்வரை பொறுத்துக் கவனிக்க. அதிவேகமும் சீரான ஒலியும் வரும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து ஒரு சிறிதே செறிவின் பக்கம் விடுக. திருகாணி திரொட்டிலுக்கு முன்னே, பில்ரரின் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, பூட்டினால் கலவை செறியும். திரொட்டிலுக்குப் பின்னே, எஞ்சின் பக்கத்தில் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துவது, பூட்டினால் மெலியும். பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நீர் ஏறும் சுமையோடு அரை மணித்தியாலமேனும் ஓடவிட்டே தீர்ப்புக் கூற வேண்டும்.

கடைசியாக ஒரு காரணம் எஞ்சியிருக்கிறது; மற்ற எல்லாவற்றிலும் அது கொடியது. கிணற்று மட்டம் 7 மீற்றருக்குக் கீழே இறங்கும் கடுங்கோடையில், இயந்திரத்தைக் கயிற்றால் கிணற்றுக்குள் இறக்கி, உட்படியில் வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே இயந்திரம் தான் விட்ட புகையையே மீண்டும் சுவாசிக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் குறையக் குறையக் கலவை செறிந்து, கரும்புகை எழுந்து, வேகம் தளர்ந்து தடுமாறுகிறது. என்னவென்று பார்க்க ஒருவர் உள்ளே இறங்குகிறார். செறிந்த கலவை எரியும்போது பிறக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. சில நிமிடங்களில் மயக்கம், பின் மரணம். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவருக்கும் அதுவே கதி. இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். ஆழமான கிணற்றுக்கு மின்சார நீர்மூழ்கிப் பம்பை அயலவரோடு பங்கிட்டேனும் அமர்த்திக்கொள்ளுங்கள். யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.